ஊர் பெருத்தால் ஆட்சி பிறக்குமா? குடியிருப்பின் அளவும் சமூக அமைப்பின் சிக்கலும்

நெடுவயல் எழுதியது:

மானுட வரலாறு பற்றிய பேச்சுகளில் ஒரு கருத்து கேள்வி கேட்பாரின்றி உலவி வருகிறது. நூற்றைம்பது பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் தலைவன் வேண்டும், சில ஆயிரம் பேர் கூடினால் அரசனும் வரியும் எழுத்தும் வந்தே தீரும் என்பதே அது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அது எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் முறிகிறது என்பதை அகழாய்வுச் சான்றுகளையும் இனவரைவியல் பதிவுகளையும் (வாழும் சமூகங்களை நேரில் கண்டு எழுதியவற்றையும்) வைத்து நிதானமாகப் பேச வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் அக்கருத்தின் வலுவான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1956-இல் ரவுல் நரோல் என்ற அமெரிக்க மானுடவியலாளர், 30 சமூகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உள்ள மிகப்பெரிய ஊரின் மக்கள்தொகையை அங்குள்ள கைத்தொழில் வகைகளோடும் அமைப்பு வகைகளோடும் ஒப்பிட்டு, ஒன்று வளர மற்றதும் வளர்கிறது என்று காட்டினார். 1967-இல் ராபர்ட் கார்னீரோ, ஒற்றை ஊர்களாகவே தன்னாட்சியோடு வாழ்ந்த 46 சமூகங்களை ஆராய்ந்து, அவற்றின் அமைப்புக் கூறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மக்கள்தொகையின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்வதாகக் கண்டார். அதாவது ஊர் நான்கு மடங்கு பெருகினால் அதன் அமைப்பு இரண்டு மடங்கு சிக்கலாகிறது.

ஏன் இப்படி என்பதற்கு 1982-இல் கிரகரி ஜான்சன் அளித்த விளக்கமே எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. பத்துக் குடும்பங்கள் உள்ள இடத்தில் இருவர் இருவராகச் சேர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய உறவுகள் 45. நூறு குடும்பங்கள் உள்ள இடத்தில் அது 4,950. மக்கள் பத்து மடங்கு கூடும்போது பூசலுக்கான வாய்ப்பு நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால் ஜான்சன் இத்துடன் நிற்கவில்லை. தென் ஆப்பிரிக்கப் பகுதியிலுள்ள கலஹாரிப் பாலைநிலத்தில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த குங் மக்கள் பெரிய முகாம்களில் கூடும்போது, தனிக்குடும்பம் முடிவெடுக்கும் அலகாக இல்லாமல் கூட்டுக்குடும்பம் அலகாகிவிடுவதையும், அதனால் முடிவெடுப்போரின் எண்ணிக்கை ஏறாமலேயே முகாம் பெருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். தலைவன் வரவில்லை, அலகு மாறியது, அவ்வளவே.

எனவே என் நிலைப்பாடு இது: ஊரின் பெருக்கம் ஒரு நெருக்கடியைக் கொண்டுவருகிறது, அந்த நெருக்கடிக்கு எந்த விடை என்பதைப் பெருக்கம் தீர்மானிப்பதில்லை. பிரிந்து போவது, உள்ளுக்குள் குழுக்களாகக் கட்டிக்கொள்வது, ஒருவருக்குக் கீழ் ஒருவராக அடுக்கிக்கொள்வது ஆகிய மூன்றும் உண்மையில் நடந்திருக்கின்றன. மாற்றுக் கருத்துள்ளவர்கள் சான்றுகளோடு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செங்கல்சூளை எழுதியது:

துருக்கியின் கோன்யா சமவெளியில் உள்ள சாத்தல்ஹூயூக் என்ற புதிய கற்கால ஊரை இங்கே விரிவாகப் பேசியாக வேண்டும். கி.மு. 7100 முதல் 5950 வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் விடாமல் வாழ்ந்த மேடு அது. பரப்பு சுமார் 13 ஹெக்டேர். 1960-களில் ஜேம்ஸ் மெல்லார்ட்டும், 1993 முதல் கால் நூற்றாண்டு காலம் இயன் ஹாடர் தலைமையிலான குழுவும் அங்கே தோண்டினார்கள்.

அங்கே தெரு இல்லை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. கூரைமேல் நடந்து, கூரையில் உள்ள துளை வழியாக ஏணியில் இறங்கித்தான் வீட்டுக்குள் போக முடியும். அடுப்பு அந்த ஏணிக்கு நேர் கீழே இருக்கும், ஏனெனில் புகை வெளியேறவும் அதே துளைதான். இறந்தவர்களை அறையின் திண்ணைகளுக்கு அடியில் புதைத்து, மேலே பூசி மெழுகி, அதன்மேலேயே படுத்து உறங்கினார்கள். வீடு பழுதடைந்தால் மேல்சுவரை இடித்து உள்ளே நிரப்பிவிட்டு, அதே இடத்தில், பெரும்பாலும் அதே அளவில், அடுத்த வீட்டை எழுப்பினார்கள். அரண்மனை என்றோ, பொதுக் களஞ்சியம் என்றோ, தனிக் கோயில் என்றோ உறுதியாகச் சொல்லத்தக்க கட்டடம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. தானியம் ஒவ்வொரு வீட்டின் பக்க அறையிலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தது.

ஆயினும் எல்லா வீடுகளும் ஒன்றல்ல. ஒரு வீட்டின் தரைக்கடியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருந்தனர். வேறு பல வீடுகளில் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் அந்த ஒரு வீட்டில் வாழ்ந்திருக்க முடியாது. அக்கம்பக்கத்துப் பல வீட்டார் ஒரு வீட்டைத் தங்கள் முன்னோர் வீடாகக் கொண்டு, அங்கே இறந்தோரைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது ஹாடர் குழுவின் விளக்கம். நெடுவயல் அவர்கள் சொன்ன "அலகு மாறுதல்" இதைவிடத் தெளிவாகத் தெரியும் இடம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதை ஓர் இனிய சமத்துவ ஊராகக் காட்டிவிடக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். 2019-இல் வெளியான எலும்பாய்வில், ஆராயப்பட்ட 93 மண்டையோடுகளில் 25-இல் அடிபட்டு ஆறிய காயங்கள் இருந்தன. சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிபட்டிருந்தனர். ஊர் நெருக்கமாக இருந்த காலத்தில் இக்காயங்கள் மிகுதி. அரசன் இல்லாமல் ஆயிரம் ஆண்டு ஓட்டினார்கள் என்பது உண்மை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்மை.

கணக்காயன் எழுதியது:

இருவரும் எழுதியவற்றை மதிக்கிறேன். ஆனால் நாம் அளப்பது எதை என்ற கேள்வியை முதலில் தீர்க்காமல் இந்த விவாதம் முன்னே செல்ல முடியாது.

நூற்றைம்பது என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். குரங்கினங்களின் மூளைப் புறணியின் அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, மனிதனுக்குச் சுமார் 148 என்று 1992-இல் ராபின் டன்பார் கணித்தார். அப்போதே அவர் கொடுத்த நம்பக எல்லை, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு, ஏறத்தாழ 100 முதல் 231 வரை. 2021-இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறு புள்ளியியல் முறைகளில் அதே வகைக் கணக்கைச் செய்தபோது, ஒரு முறையில் அந்த எல்லை 2 முதல் 336 வரையும், இன்னொன்றில் 4 முதல் 520 வரையும் விரிந்தது. இவ்வளவு அகன்ற எல்லையை வைத்துக்கொண்டு "நூற்றைம்பதைத் தாண்டினால் தலைவன்" என்று விதி எழுத முடியாது. வட அமெரிக்காவில் உடைமையைப் பொதுவில் வைத்து வாழும் ஹட்டரைட் என்ற கிறித்தவ சமயத்தாரின் குடியிருப்புகள் அந்த எண்ணை நெருங்கும்போது இரண்டாகப் பிரிவது உண்மைதான். ஆனால் அது அவர்கள் தெரிந்தே வகுத்துக்கொண்ட நடைமுறை.

அடுத்தது மக்கள்தொகை. சாத்தல்ஹூயூக்கில் 3,500 முதல் 8,000 பேர் வாழ்ந்தார்கள் என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டது. எல்லா வீடுகளிலும் ஒரே காலத்தில் ஆள் இருந்திருக்க முடியாது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, 2024-இல் வெளியான ஒரு மறுமதிப்பீடு அதை 600 முதல் 800 என்று குறைத்தது. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கக்கூடிய ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நாம் அளவுக்கும் அமைப்புக்குமான உறவைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே வாழ்ந்தவர்கள் எழுநூறு பேர்தான் என்றால், அரசன் இல்லாததில் வியப்பதற்கு எதுவும் இல்லை. கார்னீரோ கண்ட வர்க்கமூல உறவின் கோட்டிலேயே அது அமர்ந்துவிடும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் கவலை தருவது, சுற்றிவளைத்து அதே இடத்துக்கு வரும் தர்க்கம். 2018-இல் பீட்டர் டர்ச்சினும் அவரோடு சேர்ந்த பலரும் செஷாட் என்ற உலக வரலாற்றுத் தரவுத்தளத்திலிருந்து 414 சமூகங்களை எடுத்து, 51 மாறிகளை (சமூகத்துக்குச் சமூகம் மாறும் பண்புகளை) ஒன்பது கூறுகளாகத் தொகுத்து ஆராய்ந்தார்கள். சமூகங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கை ஒரே அச்சு, அதாவது ஒன்பதும் சேர்ந்தே உயரும் ஒரே அளவுகோல், விளக்குகிறது என்பது முடிவு. அந்த ஒன்பது கூறுகளில் மக்கள்தொகை, ஆட்சிப்பரப்பு, தலைநகரின் அளவு ஆகிய மூன்றும் உள்ளன. அளவையே சிக்கலின் ஒரு பகுதியாக வைத்துவிட்டு, அளவும் சிக்கலும் சேர்ந்து போகின்றன என்று சொல்வதில் கவனம் வேண்டும்.

அதே தரவை வைத்து 2020-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிட நுணுக்கமானது. ஒரு சமூகம் முதலில் பரப்பிலும் மக்கள்தொகையிலும் வளர்கிறது. ஓர் எல்லையில் அந்த வளர்ச்சி தடைப்படுகிறது. எழுத்து, பணம், ஆவணம் போன்ற தகவல் கையாளும் வழிகள் தோன்றிய பிறகே மீண்டும் பெருக முடிகிறது என்று அது கூறுகிறது. இது உண்மையானால், அளவும் அமைப்பும் ஒன்றையொன்று மாறி மாறி இழுத்துச் செல்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

மலையோரம் எழுதியது:

பிரிந்து போதல் பற்றி நெடுவயல் ஒரு வரியில் கடந்துவிட்டார். மனித வரலாற்றின் பெரும்பகுதியில் நடந்தது அதுதான் என்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி என்ற பழங்குடி மக்களின் ஊரான ஓராய்பி, வட அமெரிக்காவில் மிக நீண்ட காலம் தொடர்ந்து மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது பல நூறு பேர் வாழும் ஊராக, ஹோப்பி ஊர்களிலேயே பெரியதாக இருந்தது. அமெரிக்க அரசு நடத்திய பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதா என்பதில் ஊர் இரண்டுபட்டது. நிலமும் நீரும் குறைந்து வந்ததையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். 1906 செப்டம்பரில் ஊருக்கு வெளியே தரையில் ஒரு கோடு கிழித்து, இரு தரப்பாரும் எதிரெதிரே நின்று தள்ளினார்கள். கோட்டைத் தாண்டித் தள்ளப்பட்ட தரப்பு ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது உடன்பாடு. பள்ளியை எதிர்த்த தரப்பின் தலைவர் யூகியோமா; தோற்ற அவர் தரப்பினர் அன்றே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டு, சில மைல் தொலைவில் ஹோட்டெவில்லா என்ற புதிய ஊரை அமைத்தார்கள். ஊர்ச் சடங்குகளும் குலங்களும் இருந்தும், அவ்வளவு பெரிய பூசலைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை. ஆயினும் ஒருவரும் கொல்லப்படவில்லை.

பிரிந்து போக இடம் இருந்தால் ஊர் பெருக்காது. பெருக்காத இடத்தில் அடுக்கு தோன்றாது. 1970-இல் கார்னீரோவே இதை மையமாக வைத்துத்தான் அரசின் தோற்றத்தை விளக்கினார். அமேசான் காட்டில் தோற்ற ஊர் வேறிடம் தேடிப் போய்விடும்; பாலைவனம் சூழ்ந்த பெருவின் கடற்கரைப் பள்ளத்தாக்குகளில் தோற்றவர்கள் போவதற்கு இடமின்றி வென்றவர்களுக்கு அடங்க வேண்டியிருந்தது. ஆக, ஊரின் அளவைவிட ஊரைவிட்டு வெளியேறும் வழி அடைபட்டதே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

நெடுவயல் எழுதியது:

கணக்காயன் அவர்களின் மூன்று எச்சரிக்கைகளையும் ஏற்கிறேன். எண்கள் உறுதியாகத் தெரிந்த ஓர் ஊரையே எடுத்துக்கொள்வோம். தென்கிழக்கு நைஜீரியாவில் யாக்கோ மக்களின் உமோர் என்ற ஊரை 1930-களில் டேரில் ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் நேரில் ஆராய்ந்தபோது அங்கே ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்தார்கள். இது மண்மேட்டிலிருந்து ஊகித்த எண் அன்று.

அந்த ஊரில் ஒவ்வொருவரும் இரண்டு குலங்களைச் சேர்ந்தவர். வீடும் விளைநிலமும் தந்தைவழிக் குலத்தின் மூலம் வரும். பணம், கால்நடை போன்ற எடுத்துச் செல்லத்தக்க செல்வம் தாய்வழிக் குலத்தின் மூலம் செல்லும். தந்தைவழியினர் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள். தாய்வழியினர் ஊர் முழுவதும் சிதறியிருந்தார்கள். எனவே இரண்டு பகுதியினர் சண்டையிட்டால், அந்தப் பக்கத்தில் தன் தாய்வழி உறவினர் இல்லாத ஆள் ஊரில் இருக்க மாட்டார். இதற்கு மேலே வட்டாரங்களும் வயதுக் குழுக்களும் பூசாரிகளின் அவையும் இருந்தன. மிகவும் சிக்கலான அமைப்பு. ஆனால் உச்சியில் அரசன் இல்லை. சிக்கலையும் படிநிலையையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் நாம் பல இடங்களில் இடறுகிறோம் என்று நினைக்கிறேன்.

கணக்காயன் எழுதியது:

உமோர் நல்ல சான்று. ஆனால் ஃபோர்ட் அங்கே சென்றபோது பிரிட்டிஷ் ஆட்சி நிலைபெற்றிருந்தது. வெளிப்பகையைத் தடுக்கும் பொறுப்பு அந்த ஊரின் தோளில் இல்லாத காலம் அது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கடலாடி எழுதியது:

இதுவரை எல்லோரும் பெரிய ஊர், குறைந்த அடுக்கு என்ற பக்கத்திலிருந்தே பேசினீர்கள். மறுபக்கம் ஹவாய். 1778-இல் கேப்டன் குக் அங்கே சென்றபோது நகரம் என்று சொல்லத்தக்க ஒன்றும் அத்தீவுகளில் இல்லை. மக்கள் கடலோரத்திலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறி வாழ்ந்தார்கள். மன்னர்களின் இருக்கைகூட ஓரிடத்தில் நிலைத்ததில்லை.

ஆனால் ஆட்சி மிக இறுக்கமானது. மலையுச்சி முதல் கடல் வரை நீளும் அஹுபுவா என்ற நிலப்பிரிவுகளாகத் தீவு பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் கொனோஹிகி என்ற மேலாளர் அமர்த்தப்பட்டிருந்தார். புதிய மன்னன் பதவிக்கு வந்தால் நிலங்களைத் தன் ஆட்களுக்கு மறுபடி பங்கிட்டான். ஆண்டுதோறும் மகாஹிகி விழாக்காலத்தில் லோனோ தெய்வத்தின் சின்னத்தோடு ஊர்வலம் தீவைச் சுற்றிவரும். ஒவ்வொரு நிலப்பிரிவின் எல்லையிலும் உள்ள கல்மேடையில் மரப்பட்டைத் துணி, பறவை இறகு, பன்றி, நாய், கிழங்கு ஆகியவற்றை மக்கள் திறையாக வைக்க வேண்டும். எழுத்து இல்லை, நகரம் இல்லை. வரி உண்டு, தெய்வ வழி வந்த மன்னன் உண்டு. மலையோரம் அவர்கள் சொன்ன "வெளியேற வழியின்மை" கடல் சூழ்ந்த தீவுகளுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. ஊரின் அளவு மட்டும் இதை விளக்காது.

செங்கல்சூளை எழுதியது:

கடலாடி அவர்களுக்கு நன்றி. எனினும் ஊரின் அளவை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு உருக் நகரத்தைச் சொல்ல வேண்டும். கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதியில் தென் மெசபொத்தேமியாவில் அது சுமார் 250 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருந்தது. அங்கே தோண்டும்போது திரும்பிய இடமெல்லாம் கிடைப்பது, அச்சில் அழுத்திச் செய்த, விளிம்பு சரிவான முரட்டு மண்கிண்ணங்கள். அழகில்லை, மெருகில்லை, ஏறத்தாழ ஒரே அளவு. கூலியாகத் தானியம் அளந்து கொடுக்கப் பயன்பட்டவை என்பது பலரும் ஏற்கும் விளக்கம். உண்பதைக் குறிக்கும் ஆதி எழுத்துக் குறியில் ஒரு தலையும் அதன் வாயருகே இதே போன்ற கிண்ணமும் வரையப்பட்டிருப்பது அதற்கு வலுச் சேர்க்கிறது.

அங்கே கிடைத்த சுமார் 5,000 ஆதி களிமண் ஏடுகளில் கதையோ துதியோ இல்லை. பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை கணக்கு: தானியம், பீர், ஆடு, ஆட்கள். பொருளுக்குப் பொருள் எண்முறையே மாறியது; தானியத்துக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட முறைகள், சுமார் 60 எண்குறிகள். மீதியுள்ள ஏடுகளில் மிகுதியாகப் படியெடுக்கப்பட்டது பதவிகளின் பட்டியல். உயர்ந்த பதவி முதலில், மற்றவை கீழே. எழுதப் பழகிய மாணவன் எழுத்தோடு அடுக்கையும் சேர்த்தே கற்றான். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கு நாள்தோறும் அளந்து கொடுக்க வேண்டிய இடத்தில் நினைவாற்றல் போதாது என்பதை இந்த ஏடுகள் காட்டுகின்றன.

ஆனால் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய மொகஞ்சதாரோ இதே அளவுக்கு வளர்ந்தும், அரச கல்லறையோ உறுதியான அரண்மனையோ இன்றி இருக்கிறது. 1:2:4 விகிதச் செங்கல்லும், ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு வரை மாறாத எடைக்கற்களும், நூற்றுக்கணக்கான கிணறுகளும் வடிகால்களும் யாரோ கட்டுப்படுத்தினார்கள் என்பதைக் காட்டுகின்றன. அந்த "யாரோ" ஒருவரா, வணிகக் குழுக்களா, வட்டார அவைகளா என்பதை எழுத்து படிக்கப்படும் வரை அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

நெடுவயல் எழுதியது:

உருக் பற்றிய பதிவு இந்த இழையின் நடுப்புள்ளியைத் தொட்டுவிட்டது. அதோடு ஒப்பிட உக்ரைனில் ட்ரிப்பில்லியா என்று அழைக்கப்படும் தொல்பண்பாட்டு மக்களின் பெருங்குடியிருப்புகளை முன்வைக்கிறேன். உருக் உச்சத்தை எட்டுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, தெற்கு பூக் ஆற்றுக்கும் தினீப்பர் ஆற்றுக்கும் இடையே மைதானெட்ஸ்கே சுமார் 200 ஹெக்டேர், நெபெலிவ்கா 238 ஹெக்டேர், தல்யாங்கி 300 ஹெக்டேருக்கு மேல் என்று விரிந்திருந்தன. 1960-களில் விமானப் படங்களில் முதலில் அடையாளம் காணப்பட்டவை இவை. தோண்டாமலே மண்ணுக்கடியில் உள்ளதைக் காட்டும் காந்தப்புல அளவாய்வில், ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்ட வளையங்களில் வீடுகளும் நடுவே பெரிய வெற்றிடமும் தெரிகின்றன. மைதானெட்ஸ்கேயில் மட்டும் ஏறத்தாழ 3,000 வீடுகள். அரண்மனை இல்லை, செல்வம் குவித்த கல்லறை இல்லை, எழுத்து இல்லை.

கணக்காயன் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: மக்கள்தொகை இங்கும் சர்ச்சைக்குரியது. மைதானெட்ஸ்கேயில் தோண்டிய கீல் பல்கலைக்கழகக் குழு பல ஆயிரம் பேர் நிலையாக வாழ்ந்ததாகக் கருதுகிறது. நெபெலிவ்காவில் தோண்டிய டர்ஹம் பல்கலைக்கழகக் குழுவோ, ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் மக்கள் வந்து கூடிய இடமாக அது இருந்திருக்கலாம் என்கிறது. தீ வைத்து எரிக்கப்பட்ட வீடுகள் எத்தனை ஒரே காலத்தில் நின்றன என்பதைப் பொறுத்தது அந்த விடை.

என் வாதத்துக்கு வேண்டியது வேறொன்று. வளையங்களுக்கு இடையே, வட்டாரத்துக்கு ஒன்று என்ற விதத்தில், சாதாரண வீட்டைவிடப் பெரிய கூட்டக் கட்டடங்கள் இருந்தன. அவற்றுக்கு மேலே ஊர் முழுமைக்குமான பெரிய கட்டடமும் இருந்தது. நெபெலிவ்காவில் 2012-இல் தோண்டப்பட்ட பெருங்கட்டடம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். வட்டாரத்தில் பேசி முடித்ததை மேல் அவைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு என்று இதைப் படிக்கலாம். ஜான்சனின் "அலகு மாறுதல்" ஒரு பெருங்குடியிருப்பின் அளவுக்குக் கட்டடமாகவே நிற்கிறது. பிற்காலத்தில் வட்டார அளவிலான கூட்டக் கட்டடங்கள் அருகி, மேல்நிலைக் கட்டடங்கள் மட்டும் எஞ்சுவதாகவும், அதையடுத்து அந்த ஊர்களே கலைந்துபோவதாகவும் கீல் குழுவினர் 2019-இல் எழுதினார்கள். கலைந்தவர்கள் சிறிய ஊர்களாகப் பிரிந்து போனார்கள். மலையோரம் அவர்கள் வலியுறுத்திய வெளியேறும் வழி அந்தப் புல்வெளி விளிம்பில் திறந்தே இருந்தது.

மலையோரம் எழுதியது:

அப்படியானால் உருக்கில் ஏன் கலையவில்லை என்ற கேள்வி எழுகிறது. வாய்க்கால் பாசனத்தை விட்டு விலகினால் விளைச்சல் இல்லை என்ற நிலை ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. கூலிக் கிண்ணத்தை நம்பி வாழ்ந்தவனுக்கு வேறிடத்தில் நிலமும் இல்லை. ட்ரிப்பில்லியா மக்கள் மழையை நம்பிப் பயிரிட்டு, மாடு வளர்த்தவர்கள். மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்த ஆற்றங்கரைக்குப் போய்விட முடியும்.

நெடுவயல் எழுதியது:

ஏற்கிறேன். அடுத்து இங்கே யாராவது எழுதுவதாக இருந்தால், அளவைக் குறிக்கும் ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல் மூன்று விவரங்களையும் சேர்த்துத் தரும்படி வேண்டுகிறேன்: முடிவெடுக்கும் அலகு எது என்பதற்கான சான்று, உணவு யாருடைய அறையில் சேமிக்கப்பட்டது என்பது, அதிருப்தியுற்றவர் போவதற்கு இடம் இருந்ததா என்பது. மெக்சிகோவின் பண்டைய நகரமான தியோத்திவாக்கானில் பெருந்திரள் மக்கள் தங்கிய, பல குடும்பங்களுக்குப் பொதுவான சுமார் 2,000 சுற்றுச்சுவர்க் குடியிருப்பு வளாகங்களைப் பற்றி அறிந்தவர்கள் எழுதினால், முதல் விவரத்துக்கு அது நேரடியாக உதவும்.